டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தா கடமை முடிஞ்சிருச்சா? பத்தாம் நாள் காய்ச்சலுக்கு யார் பொறுப்பு?

"காப்பீட்டு அட்டை இருக்கே, கேன்சருக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இலவசமாச்சே, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ டீக்கடையில் மருத்துவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இந்தக் கேள்வியோடு ஒருத்தர் வந்து நிற்பார். சென்னை ஆளுங்கட்சிக்காரர் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்பார். டெல்லி ஆளுங்கட்சிக்காரர் என்றால் ஆயுஷ்மான் பாரத் என்பார். 2018-லேயே ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தாச்சு. யார் படம் பெருசா இருக்கணும் என்பதில்தான் இன்னும் சண்டை தீரவில்லை.

தோழர்களே, அட்டை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012-ல் பெயர் மாறியது. இன்றைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அந்த அட்டையால் பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதை மறுத்தால் அது பொய்.

நம் கேள்வி வேறு. அந்த அட்டை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கூட வருகிறது. வாசலைத் தாண்டி, டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கி, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி வீட்டுப் படி ஏறுகிற அந்த மனுஷிக்கு, அந்த நிமிஷத்திலிருந்து யார் பொறுப்பு? இதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க.

*ஆபத்து ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில்தான் இருக்கு*

இது பலருக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும். உங்கள் வீட்டுக்கும் இது தேவைப்படலாம்.

கீமோ மருந்து ஏற்றுவது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. காலையில் ரத்தப் பரிசோதனை, மதியம் மருந்து, சாயந்திரம் இல்லையென்றால் மறுநாள் டிஸ்சார்ஜ். பல மருந்துகளுக்கு 21 நாளுக்கு ஒரு சுற்று. அப்படிப் பார்த்தால் ஒரு சுற்றில் ஆஸ்பத்திரியில் இருப்பது ஒண்ணு ரெண்டு நாள். மீதி நாளெல்லாம் வீட்டில்தான்.

அந்த மருந்து புற்று செல்லை மட்டும் பார்த்து அடிக்காது. வேகமாக வளருகிற எல்லாச் செல்லையும் அடிக்கும். முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களும் அதில் அடிபடும். கீமோ ஏற்றிய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாளுக்குள் அந்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. கிருமி ரத்தத்தில் பரவ ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுகிற நெறிமுறை.

இப்போ கணக்குப் போடுங்க. முதல் நாள் மதுரையில் இருக்கிறார். பத்தாம் நாள் ராஜபாளையத்தில் இருக்கிறார். ஆபத்து வருவது பத்தாம் நாள். மருந்தும் மருத்துவரும் இருப்பது சுமார் 85 கிலோமீட்டர் தூரத்தில். நள்ளிரவில் வண்டி பிடித்துப் போனாலும் அந்த ஒரு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

நான் படித்தது பொறியியல். 85 கிலோமீட்டர் கேபிள் இழுத்துவிட்டு, கடைசி நூறு மீட்டரை இழுக்காமல் விட்டால் அந்த வீட்டுக்கு இணைப்பு கிடைக்காது. 85 கிலோமீட்டர் இழுத்தோமே என்று மேடை போட்டுப் பேசினாலும் கிடைக்காது. நம் ஊரில் புற்றுநோய் சிகிச்சை அந்த நிலையில்தான் இருக்கிறது.

*ஒரு வரி, அதுவும் இங்கிலீஷில்*

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூணாவது கீமோ முடிந்து ஊருக்கு வந்து பதினோராம் நாள். ராத்திரி பத்து மணிக்கு உடம்பு சுட்டது. "ஆடிக் காத்து, குளிர் பட்டிருக்கும்"னு கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் பாராசிட்டமால். காய்ச்சல் இறங்கின மாதிரி இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு நடுக்கம், பேச்சுக் குளறல். சித்தப்பா டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரெண்டாம் பக்கத்தில், அடியில், ஒரே ஒரு வரி. காய்ச்சல் வந்தால் உடனே வரவும். இங்கிலீஷில்.

அந்த வீட்டில் இருக்கிற மூணு பேருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த வரியைக் கடைசியில் படித்துச் சொன்னது ஊரில் இல்லாத நான். டாக்ஸி வைத்து மதுரைக்குக் கொண்டுபோய், அஞ்சு நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பெரியம்மா பிழைத்து வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. ஏனென்றால் இது ஒரு ஆஸ்பத்திரியின் குற்றம் இல்லை. தமிழ்நாட்டில், தமிழ் பேசுகிற நோயாளிக்கு, உயிர் காக்கிற ஒரு வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் ஆக்காத அரசின் குற்றம்.

தமிழ் வாழ்க என்று கட்டடத்துக்குக் கட்டடம் விளக்குப் போட்டு எழுதுகிறீர்களே, அந்த டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழ் வாழ வேண்டாமா?

இங்கிலாந்தில் கீமோ எடுக்கும் நோயாளிகள் சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறார்கள். "நான் கீமோ எடுக்கிறேன், எனக்குக் காய்ச்சல் வந்தால் இது அவசரம்" என்கிற எச்சரிக்கை அட்டை. கூடவே 24 மணி நேரமும் எடுக்கிற ஒரு போன் நம்பர். இதற்கு எத்தனை கோடி வேணும்? ஒரு அட்டை அச்சடிக்கிற காசு. நம் ஊர் கல்யாணப் பத்திரிகையை விட மலிவாகத்தான் வரும்.

*கட்டுத்துணி நெய்கிற ஊர், கட்டுப் போட எங்கே போகிறது?*

நம் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் சத்திரப்பட்டி. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி அங்கேயும் சமுசிகாபுரத்திலும் விசைத்தறியில் ஓடுகிறது. அறுவை சிகிச்சை அறைக்குள் போகிற காஸ் துணி நம் அக்கா தங்கச்சிகளின் கைபட்டுத்தான் போகிறது.

அந்த அக்காவுக்கு மார்பில் கட்டி என்றால்?

காலையில் முதல் பஸ். கூட ஒரு ஆள். ரெண்டு பேர் கூலியும் போச்சு. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மருந்து ஏற்ற ஒரு நாள் என்று கூப்பிட்டால் நாலு பேர் கூலி போச்சு. பெண்களுக்கு இலவசப் பேருந்து என்பீர்கள். 2021-ல் வந்த அந்தத் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். ராஜபாளையத்திலிருந்து மதுரை போகிற பஸ் நகரப் பேருந்து இல்லை.

ரேடியேஷன் இன்னும் கொடுமை. வாரத்துக்கு 5 நாள், 5 வாரம், 25 தடவை என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமான கணக்கு. ஒவ்வொரு தடவையும் மெஷினில் படுத்திருப்பது சில நிமிஷம்தான். தினமும் போய்வந்தால் 170 கிலோமீட்டர். 25 தடவைக்கு 4,250 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பி அசாமின் திப்ருகர் வரை போகிற விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே நீளமான ரயில் பயணம், சுமார் 4,200 கிலோமீட்டர். நம் ஊர் அம்மா ஒருத்தி, எரிகிற வயிற்றோடும் வயிற்றுப்போக்கோடும், பஸ் சீட்டில் உட்கார்ந்து அந்த மொத்தத் தூரத்தையும் போகிறாள். முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "உடம்பு தேவலைன்னு நின்னுட்டேன்"னு சொல்வார்கள். தேவலையாகவில்லை தோழர்களே. பஸ் காசு தீர்ந்துபோச்சு.

ரயிலில் ஒரு சலுகை இருக்கு, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கோ தொடர் பரிசோதனைக்கோ போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது. கூட வருகிற ஒருவருக்கு அதே வகுப்பில் 75 சதவீதம் சலுகை. இரண்டாம் வகுப்பில் ரெண்டு பேருக்குமே 75 சதவீதம். பொதிகையில் சென்னை அடையாறுக்குப் போகிறவர்கள் மருத்துவமனைச் சான்று வாங்கி இதைக் கட்டாயம் கேளுங்கள். இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லி, சான்றையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

*டெல்லியின் கணக்கு*

மதுரை போகிற அதே வழியில் திருமங்கலத்தைத் தாண்டினால் தோப்பூர் பக்கம். எய்ம்ஸ்! 2019 ஜனவரி 27-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டுமானம் ஆரம்பிக்க 2024 ஆனது. நடுவில் 2022-ல் மாணவர்களைச் சேர்த்து ராமநாதபுரத்தில் வகுப்பு நடத்தினார்கள். அடிக்கல்லுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் அந்த வழியாகப் பஸ்ஸில் போன நோயாளிகள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினார்களா?

2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் இன்னொரு அறிவிப்பு. மூணு வருஷத்துக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம், முதல் வருஷமே 200. நல்ல அறிவிப்பு. கைதட்டவும் தயார். ஆனால் விருதுநகர் மாவட்டத்துக்கு எப்போது, எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை? அதை எழுத்தில் கொடுங்கள். அடிக்கல் பார்த்த கண்ணுக்கு அறிவிப்பு மட்டும் போதாது.

*சென்னையின் கணக்கு*

2022 ஜனவரி 12-ல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். வரவேற்றோம். 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. அந்தத் தன்னார்வலர் அக்காக்களுக்கு நன்றி. ஆனால் ஒரு கேள்வி. மதுரையில் நேற்று கீமோ முடித்து வந்தவரின் பெயர், இன்றைக்கு அந்த அக்காவின் கையில் இருக்கிற பட்டியலுக்கு வருகிறதா? உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் பதிவு செய்யும்போதே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். கம்ப்யூட்டர் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இது ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

முடியாது என்று சொல்லாதீர்கள். இதே அரசுதான் 2021 டிசம்பரில் நம்மைக் காக்கும் 48 கொண்டு வந்தது. சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த நேரம் ஆபத்தான நேரமோ, அந்த நேரத்தைக் குறிவைத்துப் போட்ட திட்டம். அந்த அறிவு இருக்கிறது அல்லவா? கீமோவுக்கு ஆபத்தான நேரம் 7-ம் நாள் முதல் 14-ம் நாள் வரை. அதற்கும் ஒரு திட்டம் போடுங்கள்.

*"ஊருக்கு ஊர் கேன்சர் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா?"*

அடுத்து இந்தக் கேள்வியோடு வருவார்கள். கட்டச் சொல்லவில்லை. ரேடியேஷன் மெஷின் ராஜபாளையத்துக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சையும் சிக்கலான கீமோவும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கணும். மருந்தைக் கலப்பதற்கே பாதுகாப்பான தனிப் பெட்டி வேண்டும், பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். எல்லாம் தெரிந்துதான் பேசுகிறோம்.

ஆனால் முதல் சுற்றை மதுரையில் முடித்து, உடம்பு தாங்குகிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, அடுத்தடுத்த எளிய சுற்றுகளை ஊர்ப் பக்கமே கொடுக்கலாமே? கேரளாவில் மாவட்ட மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள். திட்டம் போடுவது பெரிய மையத்து மருத்துவர், மருந்து ஏறுவது மாவட்டத்தில். செங்கோட்டை தாண்டினால் கேரளா. மலைக்கு அந்தப் பக்கம் முடிகிறது, இந்தப் பக்கம் முடியாதா? கோழிக்கோட்டில் 1993-லேயே வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு அமைப்பு தொடங்கி, 2008-ல் அந்த மாநிலம் அதற்கென்று அரசுக் கொள்கையே வகுத்துவிட்டது. தெருவில் இருக்கிற சாதாரண ஜனங்கள் பயிற்சி எடுத்து நோயாளி வீட்டுக்குப் போகிறார்கள். அதுபோல் செய்ய நம் ஊரில் இளைஞர்கள் இல்லையா?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் ஆரம்பிக்கும்போது வெறும் 12 படுக்கை. முத்துலட்சுமி ரெட்டியும் அடுத்து வந்த டாக்டர் சாந்தாவும் அதை நாட்டுக்கே வழிகாட்டியாக ஆக்கினார்கள். பணம் குவிந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

*வேலைக்குப் போக முடியாத மாதங்கள்*

மில் தொழிலாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. தகுதி இருந்தால் ரெண்டு வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவீதம். இது உங்கள் சம்பளத்தில் பிடித்த காசில் வருகிற உரிமை, கேட்டு வாங்குங்கள். ஆனால் இ.எஸ்.ஐ. பிடிக்காத விசைத்தறிக் கொட்டகையில் ஓட்டுகிறவருக்கு? கைத்தறி நெசவாளருக்கு? பால்கோவா அடுப்படியில் நாள் முழுக்கக் கிண்டுகிறவருக்கு? ஒண்ணும் இல்லை. காசநோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி கொடுக்கிறார்கள், சரியான திட்டம். ஹரியானாவில் முற்றிய நிலைப் புற்றுநோயாளிக்கு மாத ஓய்வூதியம் இருக்கிறது. கீமோவில் நாக்குச் செத்து, ஒரு முட்டைகூட வாங்க முடியாமல் படுத்திருக்கிற நம் ஊர்க்காரருக்கு ஏன் இல்லை?

நம் எம்.பி. தொகுதி தென்காசி. மாவட்டம் விருதுநகர். ஆஸ்பத்திரி மதுரை. மூணு ஊருக்கும் நடுவில் நின்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறோம். அதனால் எல்லோரிடமும் கேட்கிறோம்.

*நம் கோரிக்கைகள்*

1. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் ரத்த அணு எண்ணிக்கை பார்க்கும் வசதி வேண்டும். கீமோ நோயாளி காய்ச்சலோடு வந்தால் வரிசையில் நிறுத்தாமல், முதல் ஆன்டிபயாடிக் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு, பிறகு 108-ல் மதுரைக்கு அனுப்ப வேண்டும்.

2. புற்றுநோய் சிகிச்சை தரும் எல்லா மருத்துவமனைகளிலும், அரசானாலும் தனியாரானாலும், டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் எச்சரிக்கை அட்டை. பெரிய எழுத்தில். 24 மணி நேரமும் எடுக்கிற போன் நம்பரோடு.

3. ஆயுஷ்மான் பாரத் விதியிலேயே டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்தும் பரிசோதனையும் அடக்கம். அந்த 15 நாள் மருந்துப் பை கையில் கொடுக்கப்பட்டதா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

4. எளிய கீமோ சுற்றுகளுக்கு நம் தாலுகாக்களுக்கு எட்டும் தூரத்தில் பகல்நேர மையம். தேதியோடு அறிவிக்க வேண்டும்.

5. சிகிச்சைக்குப் போய்வரும் நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் வெளியூர்ப் பேருந்திலும் கட்டணமில்லாப் பயணம். சான்று டிஸ்சார்ஜ் அன்றே கைக்கு வர வேண்டும்.

6. சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு, இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளர்களுக்கு மாத உதவித்தொகை.

இந்த ஆறும் எழுத்து மனுவாக மாவட்ட ஆட்சியரிடம் போகப் போகிறது. அதற்கு முன் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

உங்கள் தெருவில் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். போய்ப் பாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் போகாதீர்கள், அது அவருக்கு ஆகாது. மற்றபடி புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது, ஒரே டம்ளரில் காபி குடித்தாலும் வராது. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி, அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். 100.4 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அடித்தாலும் எடுங்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

அரசு செய்யும் வரை நாம் செய்வோம். நாம் செய்கிறோம் என்பதற்காக அரசை விடவும் மாட்டோம்.

பகிருங்கள். குறிப்பாக அந்த 100.4 பத்தியை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

– தகவல் தொழில்நுட்ப அணி
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதிகள்

#வீடுவரைசிகிச்சை #தமிழில்டிஸ்சார்ஜ்சீட்டு #ராஜபாளையம் #ஸ்ரீவில்லிபுத்தூர்